நீலக்கோடு இல்லாத கடுதாசி

ராமுத்தாய்: ...டீயெல்லாம் வேண்டாங்க மேடம். மெஷின்ல தைக்கற துணி பீஸு குமிஞ்சு கெடக்குது. எச்.ஆர். ரூமுக்குள்ள வந்தாலே லைன் பூரா நம்மளையே பாக்கும்.

கவிப்பிரியா: ஒரே நிமிசங்க்கா. புகார்ப் பெட்டியில இந்த லெட்டர் கெடந்துச்சு. இங்கிலீசு. நீங்க போட்டதா?

ராமுத்தாய்: நல்லாக் கேட்டீங்க போங்க! எனக்குத் தமிழே கோணக்கோணையாத்தான் வரும்.

கவிப்பிரியா: வார்த்தைக்குக் கீழ கலர் பென்சில்ல கோடு வேற. 'சூப்பர்வைசர்', 'மெஷின்' எல்லாம் பச்சை. 'ஹீ', 'ஷீ' சிவப்பு.

ராமுத்தாய்: காமன் நவுனுக்குப் பச்சை, ப்ரோநவுனுக்குச் சிவப்பு, அதானுங்க...

கவிப்பிரியா: ஓ...

ராமுத்தாய்: ஊட்டுல புள்ள சத்தமாப் படிப்பா. காதுல உழுந்தது. ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க?

கவிப்பிரியா: தேஜஸ்ரீதானுங்க? எட்டாவது?

ராமுத்தாய்: எம்புள்ள பேரு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரு விசாரிக்கச் சொன்னது? மேனேஜருங்களா?

கவிப்பிரியா: அட, உங்க இ.எஸ்.ஐ. ஃபாரத்தை நாந்தானே எழுதுனேன்!

ராமுத்தாய்: அப்பக் கதவை எதுக்குச் சாத்துனீங்க?

கவிப்பிரியா: உங்களுக்காகத்தான்... நாளைக்கு ஆடிட், வெளிய இருந்து ஆளுங்க வந்து புகாரெல்லாம் எடுத்துப் பாப்பாங்க. 'சூப்பர்வைசர் பக்கத்து மெஷின்காரி கையைப் புடிச்சு இழுக்கறாரு, அவ ஒடிசாக்காரி, சொல்லத் தெரியாம அழுவறா'ன்னு இருக்குது. எந்த சூப்பர்வைசர்? பதினோரு பேரு இருக்காங்க. 'ஹீ'ன்னா பதினோரு பேரும் 'ஹீ'தான். பேருதான் ப்ராப்பர் நவுனு. அதுக்கு வேற கலர்ல கோடு இருக்கோணுமே?

ராமுத்தாய்: நீலம்... பேரு இல்லீன்னா?

கவிப்பிரியா: ஆதாரம் இல்லைன்னு கிழிச்சுப் போட்டுருவாங்க.

ராமுத்தாய்: குடுத்தா மட்டும்? போன வருசம் குழந்தையம்மா வாயைத் தொறந்தா. மறுநாளே வேலை போச்சு. நீங்க அவங்கிட்டயே போயிச் சொல்ல மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது?

கவிப்பிரியா: எனக்கும் பயந்தானுங்க. ஆனா அந்தப் பொண்ணு நாளைக்கும் அதே மெஷின்லதானே உக்காரும்?

ராமுத்தாய்: பாவி... நேத்துச் சோத்தைக் கூடத் தொடலீங்க அவ.

கவிப்பிரியா: பின்ன? இத்தனையும் எழுத வெச்சவங்க பேரை மட்டும் ஏனுங்க்கா மறைச்சீங்க?

ராமுத்தாய்: ஆரோ ஒரு சூப்பர்வைசர்னுதான் புள்ளைகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன் கண்ணு. அவன் எம்பட தம்பி... அடுத்த மாசம் அவளுக்குச் சீர் கொண்டாரப் போற தாய்மாமன். அந்தப் பேரை அவ கையால எப்படி எழுத வெப்பேன்? நீங்க எழுதிக்குங்க. கந்தவேலு.