சட்டை இழுத்தால் எதிர்க்காதே

உங்கள் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் ஓடுகிறது, ஐயா. வந்து உட்கார்ந்ததும் என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள். முப்பது வருஷமாக வேளை பார்த்துத் தீனி வைக்கிற வேலை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் முதலில் கடிகாரத்தைத்தான் தேடும்.

வாக்குமூலத்தை டைப் அடிக்க ஆள் தருகிறேன் என்றீர்கள். வேண்டாம், கையாலேயே எழுதுகிறேன் என்றேன். என் எழுத்து கொஞ்சம் மெதுவாகத்தான் நகரும், ஆனால் சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு தாளாக முடித்துத் தருகிறேன், படித்துக்கொண்டே வாருங்கள்.

நான் உயிர்க்கவச வளர்ப்புக்கூடத்தில் பழக்குகிறவள். உயிர்க்கவசம் என்பது காகிதத்தில் இருக்கிற பெயர். எங்களுக்கு அது வெறும் சட்டைதான். தொட்டியில் ஊறிக் கிடக்கும்போது பார்த்தால் நனைந்த கம்பளி மாதிரி இருக்கும். வெளியே சாம்பல் நிறம், உள்பக்கம் நாக்கு மாதிரி சிவப்பு. கண் கிடையாது, காது கிடையாது. வாடையும் சூடும்தான் அதற்குத் தெரிந்த உலகம். ஒருவர் உடம்பில் ஏற்றிவிட்டால் கழுத்துக்குக் கீழே தொடங்கி முழங்கால் வரை ஒட்டிக்கொண்டு, அவருடைய வியர்வையைக் குடித்துப் பிழைக்கும். துப்பாக்கி எண்ணெயின் வாடை எந்தத் திசையிலிருந்து வந்தாலும் நமக்கு முன்னால் பிடித்துவிடும். அந்தப் பக்கம் இரும்பாக இறுகும். தேவைப்பட்டால் ஆளையே ஓரடி, இரண்டடி இழுத்து நகர்த்தியும்விடும். அதனால்தான் மருந்து வண்டிக் காவலுக்குச் சேருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒரு பாடம் சொல்கிறார்கள். சட்டை இழுத்தால் எதிர்க்காதே. அது எங்கே இழுக்கிறதோ அங்கே போ. யோசிக்காதே.

தொட்டியிலிருந்து எடுத்த புதுச் சட்டைக்கு யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று தெரியாது. அதைச் சொல்லிக் கொடுப்பதுதான் என் வேலை. வெந்நீர் நிரப்பிய ரப்பர் பொம்மை ஒன்று இருக்கும். யாருக்கான சட்டையோ, அவர் மூன்று நாள் போட்டுக் கழற்றிய துவைக்காத பனியனை அதற்கு மாட்டி, அதன்மேல் சட்டையை ஏற்றுவோம். தீனிக்குழாய் அந்தப் பொம்மை வழியாகத்தான் சட்டைக்குப் போகும். துப்பாக்கி எண்ணெய் தடவிய கோலால் பொம்மையைக் குத்துவேன். குத்து உள்ளே பட்டால் தீனி நின்றுவிடும். சட்டை தடுத்துவிட்டால் சர்க்கரைத் தண்ணீர். இருபது நாளில் அதற்குப் புரிந்துவிடும், இந்த வாடைக்காரர் நன்றாக இருந்தால்தான் தனக்குச் சாப்பாடு என்று.

என் சின்னவள் காவல் வேலைக்குச் சேர்ந்ததில் எனக்கு விருப்பமில்லை. ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் அடுப்படியில் என் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு, "நீ பழக்கின சட்டை மேல இருக்கறப்ப என்னை எது தொடும், சொல்லு" என்றாள். என் வேலையைப் புகழ்ந்தே என் வாயை அடைத்துவிட்டாள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அவளுக்கு எப்போதும் உண்டு.

அந்த வருஷம் மூன்று சட்டைகள் ஆளில்லாமல் கூடத்துக்குத் திரும்பி வந்தன. மூன்றும் நான் பழக்கியவை. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. கழுத்தோடு சட்டை முடிந்துவிடுகிறது ஐயா, அதற்கு மேலே ஒரு தொப்பிதான். எங்கள் மேலாளர் மூன்றாவது சட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களாக்கா, நம்ம பக்கம் ஒரு குறையும் இல்ல" என்றார். உண்மைதான். குறை இல்லை. அன்று முழுக்க அந்தச் சட்டை தொட்டியின் ஓரத்தில் முகர்ந்து முகர்ந்து ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. நான் அதற்குத் தீனி வைத்துக்கொண்டே யோசித்தேன். தலையை மறைக்க ஒரு சட்டையால் முடியாது. பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஆளால் முடியும்.

யோசித்தது அவ்வளவுதான். யோசித்ததற்கு யாரும் தண்டனை தருவதில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காவலுக்கு இருவர் இருவராகப் போவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் மகளோடு ஜோடி போட்டிருந்த பையனை அவள் நெட்டை என்று கூப்பிடுவாள், அவன் இவளைச் சுண்டெலி என்பான். அவன் தோளுக்குத்தான் இவள் தலை எட்டும். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். பரணில் இருக்கிற பெரிய பாத்திரத்தை ஸ்டூல் போடாமல் எட்டி எடுத்துத் தருவான். அப்படி அவன் கையை உயர்த்தி நின்ற ஒரு மத்தியானம், என் மகள் அவனுக்குப் பின்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இருந்த இடத்திலிருந்து அவள் தெரியவே இல்லை. குரல் மட்டும்தான் வந்தது. அவன் நல்ல உயரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். எனக்கு அவனைப் பிடிக்கும்.

அவனுடைய பழைய சட்டைக்கு வயதாகிவிட்டது, புதுசு பழக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பனியனைத் தாளில் சுற்றி அவனே கொண்டு வந்து கொடுத்தான்.

"மூணு நாள் போட்டதும்மா. மூக்கைப் பொத்திக்கிட்டுத் திறங்க. சட்டை மயக்கம் போட்டு விழுந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல."

"இந்த நாத்தத்துல வளர்ற சட்டை வேற எதுக்குடா பயப்படப் போகுது" என்றேன்.

சிரித்தான். போகும்போது வாசலில் நின்று, "நல்லா பழக்குங்கம்மா. எங்க வீட்ல நான் ஒருத்தன்தான்" என்றான். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பழக்கிட்டாப் போச்சு என்றேன்.

பழக்கினேன். அவன் பனியனைப் பொம்மைக்கு மாட்டிச் சட்டையை ஏற்றினேன். இரண்டடி தள்ளி இன்னொரு வெந்நீர்ப் பொம்மையை நிறுத்தினேன். வீட்டு அழுக்குக்கூடையிலிருந்து என் மகளுடைய பனியனை எடுத்துப் போயிருந்தேன். அதை இரண்டாவது பொம்மைக்கு மாட்டினேன். தீனிக்குழாயை மாற்றி, அந்த இரண்டாவது பொம்மை வழியாகச் சட்டைக்கு இழுத்தேன். அவன் பொம்மையை எத்தனை முறை குத்தினாலும் தீனி நிற்காது. அவள் பொம்மையைக் கோல் தொட்டால் நின்றுவிடும். முதல் வாரம் சட்டைக்கு ஒன்றும் விளங்கவில்லை, பசியில் சுருங்கிக்கொண்டது. பாவமாக இருந்தது. ஒன்பதாம் நாள் கோலை நீட்டியதும், தான் போர்த்தியிருந்த பொம்மையோடு அப்படியே சாய்ந்து மற்றதை மூடிக்கொண்டது. இரண்டு மடங்கு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன்.

சட்டைக்குத் தான் போர்த்தியிருந்த ஆள் ஒரு கை, ஒரு கால் மாதிரி ஆகிவிட்டான். உயிர் அந்தப் பக்கம் இருந்தது. நல்ல புத்தியுள்ள சட்டை. இருபதாம் நாள் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

ஆபத்து வந்தால்தானே இழுக்கும், வராமலே போகலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை. ஏழு மாதம் வரவும் இல்லை.

வந்த நாளைப் பற்றி உங்கள் கோப்பில் இருக்கிறது. மேம்பாலத்துக்குக் கீழே வண்டி திரும்பும்போது இடப்பக்கத்திலிருந்து சுட்டார்கள். வண்டி ஓட்டியவர், அவன் பாய்ந்து போய் அவளைக் கட்டிப்பிடித்து மூடிக்கொண்டான் என்று சாட்சி சொல்லியிருக்கிறார். குண்டு அவன் பிடரியில் பட்டது. அவன் குறுக்கே இல்லாவிட்டால் அவள் நெற்றியில் பட்டிருக்கும். அவளுக்குச் சிராய்ப்புகூட இல்லை.

மூன்று நாள் கழித்து, என் மடியில் படுத்துக்கொண்டு சொன்னாள். "அவன் முகம் என் பக்கம்தான் இருந்துச்சும்மா. ஏதோ புரியாத மாதிரி பாத்தான்."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முழுத் தலை. அதைத் தடவிக்கொண்டிருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெட்கம் அங்கேதான் தொடங்கியது.

அவன் எதிர்க்கவில்லை, பாருங்கள். சொல்லிக் கொடுத்தபடி நடந்தான். எதிர்த்திருந்தால் ஒருவேளை அரை நொடி தாமதித்திருக்கும். அவன் படத்தைப் பெரிதாக்கிக் காவல் கொட்டகை வாசலில் மாட்டினார்கள். தன் உயிரைக் கொடுத்துத் தோழியைக் காத்தவன் என்று கீழே எழுதினார்கள். அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போக வேண்டும். ஒரு மாதமாகப் பின்கதவு வழியாகப் போகிறேன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் போய்விட்டால் அந்தச் சட்டையை இன்னொருவருக்குப் போட முடியாது, அதையும் முடித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் வீட்டார் வந்து, போனவருடைய பனியனைத் தொட்டியில் இறக்குவார்கள். சட்டை அந்த வாடையைத் தேடி வந்து, அதைச் சுற்றிச் சுருண்டு அமைதியாகிவிடும். பிறகு தண்ணீரைக் குளிர விடுவோம். கடைசித் துணி கொடுப்பது என்று சொல்வோம்.

நேற்றுக் காலை அவனுடைய அம்மா வந்தார். சின்ன உருவம். பையனுக்கு அந்த உயரம் யாரிடமிருந்து வந்தது என்று தெரியவில்லை. கையில் பனியனை மடித்து வைத்திருந்தார், துவைக்க மனம் வரவில்லை என்றார். மேலாளர் இருந்தார். நான் இருந்தேன். என் மகளை வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. கதவருகே நின்றாள்.

அந்த அம்மா பனியனைத் தண்ணீரில் இறக்கினார். சட்டை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் இல்லாததைப் பார்க்கவில்லை என்று எழுதுவது தப்புதான், ஆனால் அப்படித்தான் இருந்தது. தொட்டியின் மறுபக்கம் ஏறியது. விளிம்பைத் தாண்டி, ஈரத்தோடு தரையில் விழுந்து, நகர்ந்து நகர்ந்து கதவு வரை போனது. என் மகள் காலைச் சுற்றிக்கொண்டு, வாசலைப் பார்த்து முதுகை இறுக்கிக்கொண்டது. வெளியே ஒரு காவலர் துப்பாக்கியோடு நடந்து போனார், அவ்வளவுதான்.

மேலாளர் என்னைப் பார்த்தார். இருபது வருஷம் என்னோடு வேலை செய்தவர்.

அவன் அம்மா மட்டும் மெதுவாக எழுந்து போய் என் மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அவன் மனசு இதுக்கும் தெரிஞ்சிருக்கு பாத்தியாம்மா. எங்கிட்டகூடச் சொல்லலை. அவனாத்தானே உனக்குக் குறுக்க வந்தான், அது போதும் எனக்கு. இனிமே நீ என் பொண்ணு" என்றார். என் மகள் உடைந்து அழுதாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து அந்தச் சட்டையைத் தடவிக் கொடுத்தார்கள். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பி, எவ்வளவு அருமையாப் பழக்கியிருக்கீங்க என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் என்னை இங்கே கொண்டு வந்தது. பதிலுக்குக் கும்பிடக் கை எழவில்லை. குனிந்து தரையில் சிந்தின தண்ணீரைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அவனாக வந்தான் என்கிற ஒன்றுதான் அந்த அம்மாவுக்கு மிச்சம், அதுவும் நான் செய்து கொடுத்தது. எனக்கு ஒளிந்துகொள்ள வீட்டில் ஓர் இடம் இல்லை, ஐயா. கண்ணாடியைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

அவனைக் கொன்றவள் நான். சுட்டவன் யாரோ, அவனைப் பிடியுங்கள். ஆனால் கொன்றது நான்.

போன தாளைப் படித்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்வி நியாயமானது. இந்த ஒரு சட்டைதானா என்கிறீர்கள்.

இல்லை. இன்னும் ஐந்து இருக்கின்றன. ஜோடி எப்போதும் ஒரே ஆளாக இருக்காது இல்லையா? ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவர் ஊருக்குப் போவார். பொருத்தம் பார்த்துத்தான் செய்தேன், உயரமானவர்களாக. நெட்டை போன பிறகு நான் எதையும் புதிதாகப் பழக்கவில்லை. அதை என் கணக்கில் நல்லதாகச் சேர்க்க வேண்டாம், தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த ஐந்தும் எந்தெந்த எண்கள் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்தேன். ஐந்து எண்ணும் மனப்பாடமாக இருக்கின்றன. கொட்டகையில் நாற்பது பேர் இருக்கிறார்கள். எது என்று தெரியாமல் நாற்பது பேரையும் நடுவழியில் சட்டையைக் கழற்றச் சொல்ல மாட்டீர்கள். அவர்களும் பெற்ற பிள்ளைகள்தானே. உங்களுக்கு அந்த மனசு உண்டு என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

என் சின்னவள் இன்றுதான் மறுபடி வேலைக்குப் போயிருக்கிறாள். அதே மேம்பாலத்து வழி. இன்றைக்குப் புது ஜோடி, அமைதியான பையன், போன மாதம்தான் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்றாள். வண்டி ஆறு மணிக்குக் கொட்டகைக்குள் வந்துவிடும். உங்கள் கடிகாரத்தில் இப்போது ஐந்து நாற்பத்தொன்று. அது ஐந்து ஐம்பத்தாறைக் காட்டும்போது ஐந்து எண்களையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அதுவரை இன்னொரு தாள் கொடுங்கள். நான் எவ்வளவு வெட்கப்படுகிறேன் என்பதை இன்னும் சரியாக எழுதவில்லை.