நாலாவது கீறல்

கயல்விழி: சோமனூர்ல இருந்து கோலு ஊனிட்டா வந்தீங்க? நாங்க மாட்டி உட்ட செயற்கைக் கால் எங்கீங்கண்ணா?

ஆறுச்சாமி: இந்தப் பையில இருக்குதுங்க அம்மணி. உள்ள மாட்டற உறை கிழிஞ்சுபோச்சு... நாந்தானுங்க ஏதோ தப்புப் பண்ணிப்போட்டேன்.

கயல்விழி: கிழிஞ்சா என்னங்கண்ணா? அதுக்குத்தானே, கிழிஞ்சாலும் தானாக் கூடிக்கற அந்த ரப்பரையே இந்த லேப்ல செஞ்சோம். எண்பது டிகிரி வெந்நில பத்து நிமிசம்...

ஆறுச்சாமி: போட்டனுங்க. ரப்பருக்குள்ள கொக்கி கொக்கியா இருக்குது, சூட்டுல கழண்டு, ஆறுனா மறுபடி மாட்டிக்கும்னு சொன்னீங்களே... மாட்டலீங்க.

கயல்விழி: காப்பித்தண்ணி மாதிரி கொதிக்க உட்டுட்டீங்களா?

ஆறுச்சாமி: தெர்மாமீட்டர் வெச்சுத்தானுங்க...

கயல்விழி: சூடு சாஸ்தியாயிருக்கும். சாஸ்தியானா கெட்டுப்போகுமுங்கண்ணா.

ஆறுச்சாமி: அப்படித்தானுங்க இருக்கும். என்ர தப்புத்தான்.

கயல்விழி: முட்டிக்குக் கீழ துணி சுத்தியிருக்கறீங்களே... ரத்தமா அது?

ஆறுச்சாமி: அது ஒண்ணுமில்லீங்க. தறிகிட்ட நிக்கறப்ப உறை பொளந்துருச்சு. உழுந்துட்டேன். நல்லவேளை, தறியை நிறுத்தியிருந்தோம்.

கயல்விழி: ஓடிட்டிருந்தா?

ஆறுச்சாமி: கையும் போயிருக்கும். அதை உடுங்க...

கயல்விழி: எப்படிங்கண்ணா உடறது? உங்க தப்பு இல்லீங்க.

ஆறுச்சாமி: அட, பத்து தரம் கூடும்னு நீங்களே...

கயல்விழி: மூணு தரந்தான் கூடுச்சுங்க. நாலாவது தரம் வெட்டி ஒட்டுனப்ப, இதா, இந்த மேசை மேலயே பிரிஞ்சுபோச்சு. பிஎச்டி முடிக்கோணும், நாள் இல்லை... ஆய்வேட்டுல பத்துன்னு எழுதுனது நானு.

ஆறுச்சாமி: அம்மணி...

கயல்விழி: மாசாமாசம் போன் போட்டு, அஞ்சு தரம் கூடிருச்சுங்க, ஆறு தரம் கூடிருச்சுங்கன்னு நீங்க சொன்னீங்க. கேக்கக் கேக்க, நான் எழுதுன பொய்யி எப்படியோ நெசமாயிருச்சுன்னு நெனச்சுட்டேன். அந்தத் தைரியத்துலதான் இதே உறையை இன்னும் பன்னண்டு பேருக்கு மாட்டி உட்டோம்.

ஆறுச்சாமி: பன்னண்டு பேருக்கா?

கயல்விழி: அன்னூர்ல ஒரு கர்ப்பிணிப் புள்ளைகூட இருக்குதுங்கண்ணா.

ஆறுச்சாமி: அய்யோ...

கயல்விழி: இப்பவே எல்லார்க்கும் போன் போட்டுக் கழட்டச் சொல்லிப்போடறேன். அப்பறம் புரொபசர்கிட்டப் போயி, எழுதுனது பொய்யின்னு நானே சொல்லிக்கறேன். உங்க மூஞ்சியைப் பாக்கவே எனக்கு...

ஆறுச்சாமி: இருங்க அம்மணி. அவர்கிட்ட என்னையும் சேத்துச் சொல்லுங்க.

கயல்விழி: உங்களை எதுக்குங்கண்ணா?

ஆறுச்சாமி: நாலாவது தரத்துல இருந்தே அது கூடலீங்க. சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டித்தான் நடந்துட்டிருந்தேன். கூடலைன்னு சொன்னா காலைத் திருப்பி வாங்கிப்போடுவீங்கன்னு பயந்துட்டு... கூடிருச்சு, கூடிருச்சுன்னு உங்ககிட்டச் சொல்லிட்டே இருந்தனுங்க.