பதினோரு அட்டைகள்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு மின்ரயிலில் போகும்போது இடம் கிடைத்தாலும் நான் உட்காருவதில்லை. மடியில் வைத்தால் அட்டைகள் வளைந்துவிடும். இருநூற்றுப் பன்னிரண்டு துளையிட்ட அட்டைகள். ஒன்று வளைந்தாலும் கம்ப்யூட்டர் ஏற்காது. இந்தத் தேவானந்தம் கவனக்குறைவானவன் என்று நீங்கள் விபத்து விசாரணை அறிக்கையில் எழுதிவிடக் கூடாதே என்றுதான் இதை முதலில் சொல்கிறேன்.

எங்கள் குரோம்பேட்டை ஆலையில் நடப்பது முறுக்குப் பிழிகிற வேலைதான். மாவுக்குப் பதில் சூடான அலுமினியம். கெட்டித் தண்டு எளிது. குழாய்க்கு அச்சின் நடுவே ஓர் உருளை நிற்க வேண்டும். அதை எஃகுப் பாலம் ஒன்று தாங்கும். உலோகம் பாலத்தில் பிரிந்து, அப்பால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பாலம் தாங்குமா என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவது என் யோசனை. இந்த எழுபத்தைந்தில் மாலைக் கல்லூரி மாணவன் ஒருவனுக்கு அது பெரிய யோசனை. மானேஜர் சத்தியநாதன் சார் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

கிண்டியில் இருக்கும் கம்ப்யூட்டரில் எங்களுக்குச் சனிக்கிழமை பதினைந்து நிமிடம் தருவார்கள். இரண்டு சனிக்கிழமைகள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, விடை வரவில்லை. மூன்றாவது வாரம் குழாயின் உட்புறத்தைச் சொல்லும் பதினோரு அட்டைகளை எடுத்துவிட்டேன். குழாய், கெட்டித் தண்டாயிற்று; பாலமே கணக்கில் இல்லை. நான்கு நிமிடத்தில் விடை: அச்சு தாங்கும்.

'இது பாதி விடை. சாரிடம் சொல்ல வேண்டும்' என்று அன்றே நாட்குறிப்பில் எழுதினேன். நீங்கள் பார்க்கலாம். ஆனால் அந்த வாரம் ஆயுத பூஜை. அலுமினியம் பிழியும் பிரஸ்ஸோடு சேர்த்து என் விடைத்தாளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். சர்ச் கமிட்டியில் இருக்கும் சத்தியநாதன் சாரே கைகட்டி நின்றார். பொட்டு வைத்த தாளைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

பிரஸ் ஓட்டும் சம்பந்தம் மட்டும் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாலம் மெல்லிசா கீது சார். தாங்காது."

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. அதைவிட உனக்குத் தெரியுமா, சம்பந்தம்?" என்றார் சத்தியநாதன் சார்.

"அதுக்குத் தெரியும் சார், இல்லேங்கல. குழா வெளிய வரச்சே இடுக்கி புடிக்க அதையே வந்து நிக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா தம்பி, நீ சொல்லு. நிக்கவா?"

சட்டைப்பையில் அந்தப் பதினோரு அட்டைகளும் இருந்தன. தொட்டுப் பார்த்தேன். சாரின் முகத்தையும் பார்த்தேன்.

"நில்லுங்கண்ணா" என்றேன்.

மூன்றாவது அலுமினியக் கட்டியைப் பிழியும்போது பாலம் உடைந்தது. தெறித்த துண்டு கட்டைவிரல் அளவுதான். மணி பத்து நாற்பது, குறித்திருக்கிறேன். செம்பாக்கத்திலிருந்து அவர் மனைவி சரசு வந்து சேர்வதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள்.

அட்டைகள் எங்கே என்று கேட்டீர்கள். பத்திரமாக இருக்கின்றன. அடுத்த சனிக்கிழமை அவற்றை அதனதன் இடத்தில் சேர்த்து மறுபடி ஓட்டினேன். அதுவரை என்னிடம் இல்லாதிருந்தது ஓர் எண்தான்: பாலம் உடைகிற நேரத்து அழுத்தம். பிரஸ்ஸின் மீட்டர் முள் அதில்தான் நின்றுபோயிருந்தது. அதைக் கொடுத்ததும் ஆறு நிமிடத்தில் விடை வந்தது: பாலம் உடையும்.

ஆகவே என் முறையில் தவறு இல்லை. இதை மட்டும் தயவுசெய்து சரசு அக்காவிடம் எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு ஆறுதலாக இருக்கும்.