ஏழாம் வார்டுல நீங்க கேட்ட கேள்வி

உக்காருங்க சார். அந்த மூட்டை மேல வேணாம், அது ஆபரேஷன் தியேட்டர்லருந்து வந்த துணி, இன்னும் மிஷின்ல போடல. ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. இந்தச் சத்தத்துல நான் கத்தித்தான் பேசுவேன். கோவமான்னா கேக்கறீங்க? ஆமா, கோவந்தான். பின்ன ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துக்கு ஆள விட்டுக் கூப்பிட்டு, உங்கள உக்கார வெச்சு அழகு பாக்கவா போறேன்.

ஞாயித்துக்கிழம ஏழாம் வார்டுக்கு வந்தது நீங்கதானே? ஜன்னலோரக் கட்டில்ல ஒருத்தி படுத்திருந்தாளே, தலையில பச்சைத் துணி கட்டிக்கிட்டு. பேரு கேட்டீங்களா? இல்ல. என்ன வேல பாத்தீங்கன்னு கேட்டீங்களா? அதுவும் இல்ல. நேராப் போய் நின்னு, அம்மா, இன்னிக்கு ராத்திரி உங்க உயிர் போயிட்டா நீங்க எங்க போவீங்கன்னு கேட்டிருக்கீங்க. பஸ்ல கண்டக்டர் எங்க இறங்கணும்னு கேக்கற மாதிரி. டாக்டரே பத்து நாள் தாங்கினாப் பெருசுன்னு எங்கிட்ட வெளிய நின்னு மெதுவாச் சொன்னாரு சார். நீங்க கேட்டுட்டு, கையில ஒரு நோட்டீஸத் திணிச்சுட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிட்டீங்க.

பதில் வர்ற வரைக்கும் நிக்கக்கூட இல்ல. நிப்பீங்களா? முப்பது கட்டில் முடிக்கணுமே. சாயங்காலம் சபையில எழுந்து, இன்னிக்கு முப்பது ஆத்துமாவச் சந்திச்சேன்னு சாட்சி சொல்லணும், நாலு பேர் அல்லேலூயா போடணும். சட்டை கசங்காம வீடு போய்ச் சேந்தா ஊழியம் முடிஞ்சுது.

எந்திரிக்காதீங்க. நான் இன்னும் முடிக்கல.

பத்தொம்பது வருஷம் நானும் அவளும் இதே மேசை. பெட்ஷீட்ட உதறி மடிக்க ரெண்டு பேர் வேணும், ஒரு முனை அவ கையில, ஒரு முனை என் கையில. அவளுக்குப் புருஷன் இல்ல, புள்ள இல்ல. நான்தான். ஞாயித்துக்கிழமலருந்து பச்சத் தண்ணிகூடக் கேக்கல சார் அவ. பாலக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்கிறா. கண்ண மூடவே பயப்படறா, மூடினாப் போயிடுவோமோன்னு. என் கையப் பிடிச்சுக்கிட்டு, ஏண்டி, அந்தாளு கேட்டாரே, நான் எங்கடி போவேன், உனக்குத் தெரியுமாங்கறா. நாலு நாளா இதே கேள்வி. சாவு வரட்டும், அத யாரு தடுக்க முடியும். ஆனா இப்பிடிப் பயந்து பயந்து சாவக் கூடாது அவ. எனக்கு அது ஒண்ணுதான்.

நோட்டீஸப் படிச்சாளான்னா? அவளுக்கு எழுத்தே தெரியாது சார். கேட்டிருந்தா அவளே சொல்லியிருப்பா.

மாசத்துக்கு ஒருத்தராவது வந்துருவீங்க, உங்க ஆளுங்க. போனதும் நான் நடிச்சுக் காட்டுவேன். உங்களத்தான். தலையணை உறைய டை மாதிரித் தொங்க விட்டுக்கிட்டு, கண்ணச் சொருகி, குரல இழுத்து, இயேசு உங்கள நேசிக்கிறாரு அம்மான்னு. சலவைக்கூடமே உருண்டு சிரிக்கும். அவதான் ஜாஸ்தி சிரிப்பா, வயித்தப் பிடிச்சுக்கிட்டு. நான் சேந்த புதுசுல சூப்பர்வைசர் ஆரம்பிச்சு வெச்ச கூத்து. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அப்பறம் பாத்தா அவரவிட நான் நல்லாச் செய்யறேன்னு பேராயிப்போச்சு.

எப்பிடி அவ்வளவு சரியா வருதுன்னா, வாராவாரம் பாக்கறேனே சார். மூணாவது வரிசையில, தூண் பக்கத்துல உக்காந்து. உங்க சபை இல்ல. ரெண்டு பஸ் மாறிப் போற சபை, இங்கிருந்து ஒருத்தரும் அந்தப் பக்கம் வரமாட்டாங்கன்னுதான் அவ்வளவு தூரம். ஞானஸ்நானம் எடுத்து இருபத்தாறு வருஷமாச்சு. இங்க யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழம எங்கடி போறேன்னு கேட்டா, அக்கா வீட்டுக்கும்பேன். எனக்கு ஏது அக்கா.

அப்பிடிப் பாக்காதீங்க. உங்க மேல எனக்கு இப்பவும் இளக்காரந்தான். இருந்தாலும் மேல வார்டுக்கு வாங்க. இந்தத் தடவ ஸ்டூல் போட்டு உக்காந்து, பேரு கேட்டு, பொறுமையாச் சொல்லுங்க. நானே சொல்லக்கூடாதான்னா?

சொன்னேன் சார், இன்னிக்குக் காலையில. பால் கிளாஸக் கீழ வெச்சுட்டு, அவ கையப் பிடிச்சு, இயேசு உன்ன நேசிக்கிறாருடி, அவர்கிட்ட வந்துரு, பயப்படாதேன்னேன். கண்ணெல்லாம் தண்ணி எனக்கு.

அவ சிரிச்சா. நாலு நாளுக்கப்பறம் மொத தடவையா, மூச்சு வாங்க வாங்கச் சிரிச்சா. அச்சு அசலா அந்தாளு மாதிரியே இருக்குடி, இன்னொரு தடவ செய்யின்னா.

செஞ்சேன். பால் பூராவும் குடிச்சுட்டா.