அமல்ராணியின் புடவைகள்

வாரம் முழுக்க ஒரே புடவையில் வரும் டீச்சரிடம் பெண்பிள்ளைகள் பாடம் கேட்பதில்லை, சாமி. கரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே இதைத் தெரிந்துகொண்டேன்.

என் சம்பளத்தில் புதுப் புடவைக்கு வழியில்லை. அதனால் சனிக்கிழமைகளில் ரயிலேறி விழுப்புரம் போவேன். அங்கே பாஞ்சாலி என்று ஒருத்தி, வீடுவீடாகப் பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்குகிறவள். "டீச்சரம்மா, இது டாக்டரூட்டம்மா கட்னது. கொசுவத்துல போற எடத்துலதான் கிழிசல். யாருக்குத் தெரியப்போவுது?" என்பாள். உண்மைதான். நைந்த தலைப்பை வெட்டி ரவிக்கை தைத்துக்கொள்ளலாம். வெளுத்ததைச் சாயத்தில் முக்கலாம். கஞ்சி போட்டுத் தேய்த்துவிட்டால் எல்லாம் புதுசுதான். பள்ளிக்கூடத்து மதரே ஒருமுறை மற்ற டீச்சர்களிடம் என்னைக் காட்டி, "பாத்துக் கத்துக்கிங்க" என்றார்கள்.

பிறகு விழுப்புரத்திலிருந்து போர்டிங்கில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கணக்கு வகுப்பில் எழுந்து நின்று, "டீச்சர், இது எங்கம்மா பொடவை. இந்த மை கறை நான் பண்ணது" என்றாள். வகுப்பே சிரித்தது. அவளை உட்காரச் சொல்லிவிட்டு மிச்சக் கணக்கைப் போட்டேன்.

அன்றுதான் யோசித்தேன். பழைய புடவையில் ஒரு குற்றமும் இல்லை. அதைக் கட்டியவள் பக்கத்தில் நடமாடுவதுதான் தொல்லை. தாலியறுத்தவர்களின் கலர் புடவைகள் கிடைக்கும். ஆனால் அதற்கு யாராவது சாக வேண்டும். நான் அப்படிப்பட்டவள் இல்லை. கன்னியாஸ்திரீகளோ உயிரோடு இருக்கும்போதே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத் தூரமாகப் போய்விடுகிறார்கள்.

என்னோடு ஒரே அறையில் இருந்தவள் தையல் டீச்சர் அமல்ராணி. என் உயரம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. கடலை விற்ற காசில் பெட்டி நிறையப் புடவை. நல்ல பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் இருக்கும் இருதயநாதனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். தையில் கல்யாணம்.

"கன்னியாஸ்திரீ ஆவுறதுக்கு ஒனக்குத் தேவ அழைத்தல் இருக்குதுன்னு எனக்குத் தோணுது" என்று ஒருநாள் சொன்னேன்.

"போங்கக்கா. நான் புள்ளகுட்டி பெத்துக்கினு சும்மா இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தாள்.

அதனால் கொஞ்சம் உதவ வேண்டியிருந்தது. இருதயநாதனுக்கு விக்கிரவாண்டியில் ஒருத்தி இருக்கிறாள், கைக்குழந்தையும் இருக்கிறது என்றேன். பேரில்லாத குழந்தையை யாரும் நம்ப மாட்டார்கள். சவரிராயன் என்று பேர் வைத்தேன். அப்பாவைப் போலவே காது என்றும் சொன்னேன். நாளாக ஆக எனக்கே அவன்மேல் பாசம் வந்துவிட்டது. இருதயநாதனிடம், ஆண்டவர் அவளைக் கூப்பிட்டுவிட்டார், போய்ப் பார்த்து மனசைக் கலைக்காதீர்கள் என்றேன். கௌரவமான மனிதர். போகவேயில்லை.

கார்த்திகையில் அமல்ராணி பெங்களூர் மடத்துக்குப் புறப்பட்டாள். பெட்டிச் சாவியை என் கையில் வைத்து, "நீங்க இல்லன்னா நான் ஏமாந்திருப்பேங்கக்கா" என்று அழுதாள். உள்ளே வாயில் புடவை, சுங்குடி, மைசூர் சில்க். ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை.

ஒன்று மட்டும் குறைந்தது. மாப்பிள்ளை வீட்டார் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த கூரைப்புடவை. அதற்காகத்தான் விழுப்புரம் போனேன். இருதயநாதன் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "இத இனிமே யாரு கட்டப்போறாங்க டீச்சர்? நீங்களே எடுத்துக்கினு போங்க" என்றார். கனமான சரிகை. அதைக் கட்டிக்கொண்டு சாக்பீஸ் தூளில் நிற்க முடியுமா? அதற்கு ஒரு கல்யாணம் வேண்டும். அடிக்கடி போய் ஆறுதல் சொன்னேன்.

நேற்றுப் பூசையில் எனக்கும் இருதயநாதனுக்கும் கல்யாணம் என்று முதல் ஓலை வாசித்தீர்கள். இன்று காலை அமல்ராணியின் அம்மா உங்களிடம் வந்து விக்கிரவாண்டிக் குழந்தையைச் சொல்லி அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். "ஞானமேரி, அந்தக் கொழந்த எங்கம்மா இருக்குது?" என்று கேட்கிறீர்கள்.

எங்கேயும் இல்லை சாமி. விக்கிரவாண்டியில் ஒருத்தியும் இல்லை. எல்லாம் நான் சொன்னதுதான். ஆனால் யார் மாப்பிள்ளையையும் நான் பறிக்கவில்லை. அவர் புடவையோடு சேர்ந்து வந்தார்.

அமல்ராணி இன்னும் கன்னியாஸ்திரீயாக வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை, எழுதினால் திரும்பி வந்துவிடுவாள் என்கிறீர்கள். வரட்டும். உடுத்திக்கொள்ளத்தான் அவளிடம் ஒன்றும் இல்லை, பாவம். என்னுடையதில் ஒன்று தருகிறேன். பழசுதான், பரவாயில்லையா என்று கேட்டு எழுதுங்கள்.