பெயர் என்ற கட்டம்

விசைப்பலகையில் எண்ணெய்க் கையை வைப்பவர்களை எனக்குப் பிடிக்காது. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு வயதிலிருந்தே எனக்குச் சுத்தம் முக்கியம்.

கோட்டாற்றில் நாங்கள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கணினிகளுக்கு நான் பொறுப்பு. அபினா எனக்குக் கீழே சேர்ந்த பெண். நேந்திரங்காய் சிப்ஸைக் கொறித்துக்கொண்டேதான் நிரல் எழுதுவாள். விசைகளுக்கிடையே மஞ்சள் தூள் சிக்கியிருக்கும். அவள் எழுந்துபோன பிறகு நான் பஞ்சை மருந்தில் நனைத்துத் துடைப்பேன். பிறகு கையையும் கழுவுவேன்.

நோயாளிகளுக்கு முடிவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் நிரல் அவள் எழுதியது. ஒருநாள் அதைத் திறந்து பார்த்தேன். அதே அழுக்கு. நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றுவதற்குக் கணினியில் ஷெல் என்று ஒன்று உண்டு. அதில் 'இவால்' என்ற சொல்லுக்குப் பின்னால் எதைக் கொடுத்தாலும் ஷெல் அதைக் கட்டளையாகவே படிக்கும். அபினா நோயாளியின் பெயரை அப்படியே அதற்குப் பின்னால் கொடுத்திருந்தாள். வரவேற்பில் ஒருவர் பெயரோடு ஒரு கட்டளையையும் சேர்த்துத் தட்டினால் அதுவும் ஓடிவிடும்.

"இப்படி எழுதலாமா?" என்று கேட்டேன்.

"ஓடுதுல்லா அண்ணே. பின்ன என்னத்துக்குக் கிடந்து நோண்டுதிய?" என்று சிரித்தாள். விரலை நக்கிவிட்டு மறுபடியும் தட்டத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தேன். இல்லாத ஒரு நோயாளியைப் பதிவு செய்து, பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளியும் தேதி கேட்கும் கட்டளையும் கொடுத்தேன். என் கைபேசிக்கு வந்த செய்தியில் அன்றைய தேதி இருந்தது. அடுத்து வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கச் சொன்னேன். உருவாக்கியது. மேற்கோள்குறி ஒற்றையாக, இரட்டையாக, ஒன்றுக்குள் ஒன்றாக என்று ஒரு வாரத்தில் பதினொரு எழுத்துச் சரங்களைப் பெயர்க் கட்டத்தில் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அது கீழ்ப்படிந்தது.

பன்னிரண்டாவது சரம் புதன்கிழமை காலையில் கொடுத்தது. அது அன்றைய முடிவுகளைப் பட்டியலில் ஒரு வரி கீழே நகர்த்தும். ஒருவருடைய முடிவு அடுத்தவருக்குப் போகும். அனுப்புவதற்கு முன் பட்டியலைச் சரிபார்ப்பது அபினாவின் வேலை. சரிபார்க்கிறாளா என்று பார்க்க நினைத்தேன். அவள் பார்க்கவில்லை. நாற்பத்து மூன்று பேருக்குப் போய்விட்டது.

அவர்களில் தாணம்மாளை எனக்கு நினைவிருக்கிறது. மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், சிறுநீரகக் கோளாறு. ஊசி போட்ட இடத்தில் வைத்திருந்த ரத்தப் பஞ்சை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார். நான்தான் காகிதத்தால் பிடித்து எடுத்துக் குப்பையில் போட்டேன். அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. அந்த அளவில் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த முடிவு வளைகுடா வேலைக்காக மருத்துவச் சோதனைக்கு வந்த ஒருவருக்குப் போனது. அவர் பதறிப்போய் மருத்துவமனைக்கு ஓடினார். மறுபடி சோதித்து ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். தாணம்மாளுக்கு வேறொருவரின் நல்ல முடிவு போனது.

பன்னிரண்டரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. அபினா சாப்பிடப் போயிருந்ததால் நான் எடுத்தேன்.

"அண்ணா, தாணம்மாளுக்க மகன் வினோஜ் பேசுதேன். காலையிலே இருந்து அம்மைக்குக் கையும் காலும் ஓயுது. நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கா. ரிசல்ட்டு நார்மல்னு வந்திருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போணுமா?"

அவர் பேசும்போது தாணம்மாளின் உண்மையான முடிவு என் திரையில் திறந்திருந்தது. உங்கள் ஸ்டேஷனில் அந்த அழைப்பின் ஒலிப்பதிவு இருக்கிறது என்பதால் இதைச் சொல்லவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன்.

"நார்மல்தான். வெயில்ல வந்த அசதியாட்டு இருக்கும். கஞ்சி குடுத்துப் படுக்க வையுங்க" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கும். அபினா தன் தவறைத் தானாகக் கண்டுபிடிக்கிறாளா என்பதுதான் கேள்வி. அதற்கு மாலைவரை அவகாசம் தருவது என்று முன்பே தீர்மானித்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தாணம்மாள் இறந்துவிட்டார்.

நான் சேர்த்த பொய்ப் பதிவுகளை அழித்தேன். நிரல் அவளுடையது என்பதால் முதலில் அபினாவைத்தான் விசாரித்தீர்கள். அவளுக்கு வேலையும் போனது. எங்கள் எல்லோர் முன்னாலும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அந்தக் கையோடு வந்து என் கையைப் பிடித்து, "அண்ணே, நான் ஒண்ணும் செய்யல்ல அண்ணே" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு போய் மூன்று முறை கழுவினேன்.

எனக்கு யார்மீதும் பகை கிடையாது. மறுநாளே அந்த நிரலை முழுவதும் திருத்தி எழுதினேன், யாரும் கேட்காமலே. இனி அங்கே எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அது வெறும் பெயராகவே இருக்கும், யாருக்கும் ஆபத்தில்லை. தாணம்மாளின் வீட்டாருக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.