ஹாவ்லிசெக் பண்ணைக்குப் போகும் வழி

கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை, டெப்யூட்டி. உள்ளே எல்லாம் பத்திரமாகத்தான் இருக்கும். எழுந்திருக்க மட்டும் கணினிக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து, கணினியைச் சரிசெய்ய வந்த ட்ரெண்ட் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான்.

போலீஸ்காரரான உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். நம் கவுண்டி நிர்வாகத்தின் அவசர அழைப்பு அறையில் பழைய சர்வர் ஒன்று இருந்தது. அதற்கு வயதாகிவிட்டதால், அதன் வட்டில் இருந்த அனைத்தையும் ஒரே கோப்பாக மாற்றி, வேறொரு பெரிய கணினிக்குள் ஓடவைக்க முடிவு செய்தார்கள். இரும்பு இல்லாத இயந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை அந்த மாற்றத்தைச் செய்தவன் நான்.

அந்த சர்வரில் முக்கியமானது ஒரு பட்டியல். இங்கே யாரும் வீட்டு எண் சொல்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். முப்பது வருடம் முன்பு விற்றுவிட்டுப் போனவரின் பெயரில்தான் பண்ணையைச் சொல்வார்கள். ராஸ்க் குடும்பம் இருப்பது ஹாவ்லிசெக் பண்ணை. கடைசி ஹாவ்லிசெக் எப்போதோ அரிசோனாவுக்குப் போய்விட்டார். இப்படி ஆயிரத்து முந்நூற்று நாற்பது பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாலை, எந்தத் திருப்பம் என்று என் சொந்த பிக்கப் வண்டியில் போய்க் குறித்துவந்தேன். இருபத்திரண்டு வருட வேலை. எங்கள் இயக்குநர் டார்லீன் கொபெக்கி அதைக் 'கிழவன் டைரி' என்பார்.

இந்த மாதக் கடைசியோடு என்னை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதாக அவர்தான் சொன்னார். அதில் எனக்குக் கோபமில்லை. ஆளை மாற்றுபவர்கள் மாற்றட்டும். ஆனால் திங்கட்கிழமை நான் கேட்டது ஒன்றே ஒன்று: புதியது ஒரு வாரம் ஒழுங்காக ஓடும்வரை பழைய சர்வரைத் தூக்க வேண்டாம். இந்தத் தொழிலில் அது பாலபாடம். டார்லீன் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

"லேலண்ட், அவ்வளவு பிரியம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கோங்க. நான் வேணா சாட்சிக் கையெழுத்துப் போடறேன்."

அறையே சிரித்தது. அரை மணி நேரத்தில் இரண்டு பேர் வந்து சர்வரை உடைக்கிற இடத்துக்கு ஏற்றிப் போனார்கள். நான் என் நாற்காலிக்குத் திரும்பி அன்றைய வேலையை முடித்தேன்.

மறுநாள் காலை புதிய இயந்திரம் எழவில்லை; ஃபார்கோ நகரத்திலிருந்து ட்ரெண்ட் வந்தார். கெட்டிக்காரர், ஒப்பந்தக்காரர். வட்டை இணைக்கும் விதத்தை மாற்றிப் பார்த்தார். டிரைவர் நிரல்களைப் புதிதாக ஏற்றினார். பழுதுபார்க்கும் குறுந்தகட்டை மூன்று முறை ஓட்டினார். கோடு மினுக்கிக்கொண்டே இருந்தது. புதனன்று சரியான கேள்வியைக் கேட்டார்.

"லேலண்ட், பழைய மெஷின் துவங்குற முறை EFIயா, BIOSஆ?"

"ஒப்படைப்புத் தாள்ல இருக்கு, பாருங்க."

பார்த்தார். நாற்பத்தோரு பக்கம். EFI என்று எழுதியிருந்தது. அந்தத் தாளை எழுதியவனும் நான்தான்.

வியாழன் பிற்பகல் இரண்டு பத்துக்கு லோர்னா ராஸ்க் கூப்பிட்டார். என் அறைக் கதவு திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டது. அழைப்பை எடுத்த மோனிக் அந்த வேலைக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"என் வீட்டுக்காரர் எம்மெட் நெஞ்சைப் புடிச்சிட்டுக் கீழ விழுந்துட்டாரும்மா. ஹாவ்லிசெக் பண்ணை. சீக்கிரம் வாங்க."

"ரோட்டு நம்பர் சொல்லுங்க, மேடம்."

"என்ன நம்பர்? பலகையெல்லாம் பனிக்குள்ள கெடக்கு. ஹாவ்லிசெக் பண்ணைன்னா எல்லாருக்கும் தெரியும்!"

அழைப்பு வந்த இடமென்று கைபேசிக் கோபுரம் ஆறு மைல் அகல வட்டத்தைக் காட்டியது. மோனிக் ட்ரெண்டைப் பார்த்தார். ட்ரெண்ட் கோட்டைப் பார்த்தார். டார்லீன் ஓடிவந்து பழைய காகித வரைபடங்களை மேசையில் கொட்டினார். நான் பக்கத்து அறையில் என் பெட்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். தானியக் கிடங்கு தாண்டி இரண்டாவது இடது திருப்பம். சனிக்கிழமைகளில் நான் முட்டை வாங்கும் வீடு. எம்மெட் எப்போதும் ஒரு முட்டை கூடுதலாக வைப்பார்.

பன்னிரண்டு நிமிடத்தில் போயிருக்க வேண்டிய ஆம்புலன்ஸ், நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று நீங்கள் இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். டார்லீன் என் கதவை மூன்று தடவை கடந்துபோனார். ஒரு தடவைகூட உள்ளே தலை நீட்டி, 'லேலண்ட், இது என்ன?' என்று கேட்கவில்லை. ட்ரெண்ட் கேட்டார், மோனிக் கண்ணால் கேட்டார். டார்லீன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். ஆகவே எம்மெட்டின் சாவைப் பற்றி நீங்கள் பேச வேண்டியது அவரிடம்.

திங்கட்கிழமை அன்றைய வேலையை முடித்தேன் என்றேனே, அது இதுதான். புதிய இயந்திரம் அன்று நன்றாகவே எழுந்தது. பட்டியலையும் திறந்து பார்த்தேன். பழைய சர்வரை ஏற்றிய வண்டி வாசலைத் தாண்டியதும் புதியதை அணைத்து, ஒரே ஒரு வரியை மாற்றினேன். கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் விழிக்கும் சிறு நிரல் ஒன்று உண்டு. பழைய வகை, BIOS, வட்டின் முதல் துண்டைப் படித்து உள்ளே போகும். புதிய வகை, EFI, தனக்கென்று ஒதுக்கிய ஒரு பகுதியைத் தேடும். நம் வட்டில் அப்படி ஒரு பகுதியே கிடையாது. எத்தனை டிரைவர் ஏற்றினாலும் அது தேடிக்கொண்டேதான் இருக்கும்.

ட்ரெண்ட் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறார் என்றீர்கள். இதை எழுதி அவரிடம் கொடுங்கள். இயந்திரத்தை அணைக்கவும். அமைப்புகளில் துவக்கம் என்ற பகுதிக்குப் போகவும். முதல் வரியில் EFI என்றிருப்பதை BIOS என்று மாற்றவும். இயக்கவும். நாற்பது விநாடியில் எழுந்துவிடும்.